கடல்மணலும் கணக்கேடும்

திருமுழுக்கு, திருமணம், இறப்பு என மூன்று பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் பேணி வருகிறது. யார் பிறந்தார், யாரை மணந்தார், எப்போது இறைவனடி சேர்ந்தார் என்பதை அவை சொல்லும். கதிரியக்கம் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்குமா, விளைவிக்குமெனில் எந்த அளவில் என்னும் வினாவுக்கு உலகம் விடை தேடியதும் இத்தகைய ஏடுகளின் துணையால்தான். அவ்வரலாற்றை நாம் அறிவது பயனுடையது. அரியலூர், பெரம்பலூர் சிற்றூர்களில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்டு வைப்பது' என்று சொல்லி அஞ்சி, திருச்சிக்கோ தஞ்சைக்கோ செல்லாமல் காலந்தாழ்த்துவோர் உள்ளனர் அன்றோ!

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளிலேயே அக்கதிரைக் கையாண்டோரின் தோலில் புற்று தோன்றியது. நாகசாகியில் கதிரியல் மருத்துவராகப் பணியாற்றிய தகாஷி நாகாய் என்னும் கத்தோலிக்கர், காசநோயாளிகளை ஓயாது எக்ஸ் கதிரால் சோதித்து வந்தார். 1945 ஜூன் மாதம் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆகஸ்டு 9 அன்று உரகாமிப் பகுதியின்மேல் அணுகுண்டு வெடித்தது. அப்பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மாண்டனர். நாகாயின் மனைவியும் அவர்களுள் ஒருவர். நாகாய் 1951இல் மறைந்தார். குண்டுக்கு முன்னரே நோய் தெரிந்திராவிடில், அவரது நோய்க்கும் குண்டையே எவரும் காரணமாக்கியிருப்பர். தனி ஒருவரின் நோயை மட்டும் நோக்கி அதன் காரணத்தை அறுதியிட இயலாது. பல்லாயிரவரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தால்தான் உண்மை புலப்படும்.

அப்பணி 1947இல் ஜப்பானில் தொடங்கியது. அமெரிக்கர் நிறுவிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம், 1950ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கொண்டு, ஏறத்தாழ 1,20,000 பேரைத் தொடர் ஆய்வுக்கு உட்படுத்தியது. ஜப்பானியரின் குடும்பப் பதிவேடுகள் இறந்தோரைக் கண்டறியத் துணைநின்றன. இரத்தப் புற்றுநோய் முதற் சில ஆண்டுகளிலேயே பெருகியது. ஏனைய புற்றுகள் நெடுங்காலம் சென்றபின் தலைகாட்டின. கதிரின் அளவு கூடக்கூட நோயும் கூடியது. இளமையில் கதிருக்கு உட்பட்டோரே மிகுதியாகத் துன்புற்றனர்.

ஆயினும் அவ்வாய்வு ஒரு மனக்காயத்தையும் விட்டுச் சென்றது. 'எங்களைச் சோதிக்கிறீர்கள், எங்களுக்கு மருத்துவம் செய்ய மறுக்கிறீர்கள்' என்று பிழைத்தோர் முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. எண்ணுவது வேறு, பேணுவது வேறு. 1975இல் அவ்வமைப்பு இருநாடுகளும் இணைந்து நடத்தும் ஆய்வு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது.

குண்டு ஒரு நொடியில் பொழிந்த கதிர் ஒருபுறமிருக்க, ஆயுள் முழுவதும் மண்ணிலிருந்து சிறுகச் சிறுக வரும் கதிர் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடைதேட நம் கடற்கரைக்கே வரவேண்டும். 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியமே, நம் தேர்ப்பவனிகளில் ஒளிர்ந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கு வெண்மையான சுடரைத் தந்தது. அதே மணல் கொல்லத்தை அடுத்த கருநாகப்பள்ளிக் கரையிலும் பரவிக் கிடக்கிறது. உலகில் இயற்கைக் கதிரியக்கத்தின் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். அக்கரையிலோ, மண்ணிலிருந்து வரும் கதிர் மட்டுமே சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை உள்ளது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் அங்கே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, உள்ளும் புறமும் கதிரை அளந்தனர். 3,85,103 பேரின் விவரங்களைத் தொகுத்தனர். அவர்களுள் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்ததன் முடிவு 2009இல் வெளியாயிற்று. 2005 இறுதிவரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால் மண்ணின் கதிர் மிகுந்த இடத்தில் நோய் மிகுந்திருக்கவில்லை. அதே பதிவேடு, பீடிப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டியது. கண்ணுக்குப் புலப்படாத கதிருக்கு அஞ்சும் நாம், கைவிரலிடையே புகைவதற்கு அஞ்சுவதில்லை!

ஆகவே கதிரால் தீங்கே இல்லை என்று முடிவுசெய்துவிடலாகாது. சிறிய அளவிலான தீங்கைக் கண்டறிய இத்தனை பேரும் போதாமற் போகலாம் என்று ஆய்வாளரே எச்சரித்துள்ளனர். மணல் அள்ளப்படும் கரைகளில் வாழும் மீனவ மக்கள் கேட்கும் வினாக்களை அறியாமை என்று ஒதுக்குவதும் அறமன்று. அச்சத்தை வளர்ப்போரும் அச்சத்தை எள்ளுவோரும் ஒருங்கே மறப்பது ஒன்றுண்டு: அளவு. கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருத்துவர் அக்கதிரை அளந்து, கட்டியின்மேல் குவித்துச் செலுத்துகிறார். பின்னாளில் அதனால் வேறொரு புற்று வரும் வாய்ப்பு சிறிதே. இன்றைய நோயைப் பேணாது விடுவதால் வரும் கேடு பெரிது. இதனை அன்பியக் கூட்டங்களில் எடுத்துரைப்பதும், தயங்கும் நோயாளிக்கு மருத்துவமனை வரை துணைபோவதும் நமது கடமையாகும்.

நல்ல ஆயன் நூறு ஆடுகளையும் எண்ணியதால்தான் ஒன்று குறைந்ததை அறிந்தான். ஆனால் அவன் எண்ணியதோடு நிற்கவில்லை. தேடிச் சென்றான், கண்டான், தோளில் சுமந்து வந்தான். அறிவியல் தன் கணக்கேட்டை எழுதட்டும். அதன் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் நாம் பெயரிட்டு அழைக்கும் ஓர் உடன்பிறப்பு இருப்பதை மறவாதிருப்போம்.