பதின்ம வயதினரின் உள்நோயாளி மனநலச் சிகிச்சை: இந்தியச் சட்ட வரலாறு

சென்னையில் 1794 இல் வாலன்டைன் கனோலி என்ற மருத்துவர் மனநோய்க் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1871 இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் செயல்படத் தொடங்கியது. நோயாளிகளை அடைத்து வைத்துக் காப்பதே அக்காலக் காப்பகங்களின் முதன்மைப் பணியாக இருந்தது. 1912 ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் இதே நோக்கில் அமைந்தது.

அச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டோருக்குத் தனி மருத்துவமனைகள் நிறுவலாம் என்று அது கூறியது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. காப்பாளர் விண்ணப்பித்து மருத்துவ அலுவலர் உடன்பட்டால் சிறாரைச் சேர்க்க முடிந்தது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்நிலையை மாற்றியது. இதன்படி, 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்கப் பெற்றோரின் விண்ணப்பம் மட்டும் போதாது. மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கை தேவை என முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து பெறும் சிகிச்சை பயன்படாத நிலையிலேயே சேர்க்கலாம். சிறாரின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும்.

சேர்க்கப்பட்டவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்க வைப்பது கட்டாயம். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்திற்குள் மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தகவல் தர வேண்டும். தங்கல் 30 நாள்களைத் தாண்டினால் வாரியம் அதனைக் கட்டாயம் மறுஆய்வு செய்யும்.

சிகிச்சையின்போதே 18 வயது நிரம்பினால், அவர் தன் சிகிச்சை குறித்துத் தானே முடிவெடுக்கும் நோயாளியாக வகைப்படுத்தப்படுவார்.