மண்ணும் நெருப்பும் – 7: நெல்லிக்குப்பத்துப் பாகு

சென்ற வாரம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்தோம். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண் ஊறுகாய்ச் சாடியாகவும் ப்யூஸ் கட்டையாகவும் இறுக 1,200 டிகிரிக்கு மேல் வேக வேண்டும். இதே கடலூர் மாவட்டத்தில், 150 டிகிரியிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் பழைய ஆலை ஒன்று உண்டு. நெல்லிக்குப்பம் ‘பாரீஸ்’ மிட்டாய் ஆலைதான் அது.

வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த தாமஸ் பாரி 1788-இல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா அவரைக் கொண்டுபோனது. பாரிமுனையைக் காட்டிச் சென்னைக்காரர்கள் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்; மனிதர் அடங்கியிருப்பது என்னவோ நம் கடலூர் முதுநகர் கிறிஸ்து ஆலயத்தில்!

அவர் மறைந்த பிறகு, 1842-இல், அவருடைய நிறுவனம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்தது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை அதுதான் என்பது அந்த நிறுவனத்தின் பெருமை. அந்தச் சர்க்கரை ஊரிலேயே 1914-இல் மிட்டாயும் பிறந்தது.

சர்க்கரை ஆலையின் உருவத்தைத் தீர்மானிப்பது கட்டடக் கலைஞர் அல்ல, பாகுதான். பாகு காய்ச்சும் கொப்பரைகளை மேல்தளத்தில் வைப்பார்கள். முற்றிய பாகு தன் எடையாலேயே கீழே இறங்கி, சுழலும் இயந்திரத்தில் விழுந்து, மணியாகப் பிரியும். கரும்புச் சக்கையே அடுப்புக்கு விறகு. அதற்காகத்தான் ஊருக்கே அடையாளமாக நிற்கும் புகைபோக்கி.

மிட்டாய்க் கூடம் சென்ற வாரம் பார்த்த சூளைக்கு நேர் எதிர். சூளைக்கொட்டகை காற்றோட்டமாக இருக்க வேண்டும். மிட்டாய்க் கூடத்துக்குக் காற்றே பகை. சர்க்கரையும் குளுக்கோஸும் சேர்த்துக் காய்ச்சிய பாகைக் கொட்டி, மடித்து, கயிறாக இழுத்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட வேண்டும். கடலூர்ப் பக்கத்து ஈரக்காற்று பட்டால் போதும், பிசுபிசுத்துவிடும். அதனால்தான் அடைத்த அறை, உடனுக்குடன் காகிதச் சுற்று. பெட்டிக்கடை அண்ணாச்சி கண்ணாடி பாட்டில் மூடியை அத்தனை இறுக்கித் திருகுவதும் இதே பயத்தில்தான்.

லாக்டோ கிங், கோகனட் பஞ்ச், காபியா டாபியா என்று விளம்பரத்தில் சண்டை மூட்டிய காஃபி பைட் எல்லாம் பாரீஸ் சரக்கு. 1981-இல் தாமஸ் பாரியின் நிறுவனமான ஈ.ஐ.டி. பாரி முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. 2004-இல் மிட்டாய் நிறுவனத்தை மட்டும் லோட்டே என்ற நிறுவனம் வாங்கியது. சர்க்கரைக்கு ஒரு முதலாளி, மிட்டாய்க்கு வேறொரு முதலாளி என்றானது. ஊர் வாயில் மட்டும் இன்னும் ‘பாரி கம்பெனி’தான்.

கோயில் கோபுரத்துக்கு எழுதும் தலவரலாறு ஆலைக்கு எழுதப்படுவதில்லை. இது நம் மாவட்டத்தின் பெரிய குறை என்பேன். நெல்லிக்குப்பத்திலோ விருத்தாசலத்துச் சூளைகளிலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய சம்பளச் சீட்டு, புகைப்படம், மிட்டாய் லேபிள் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து நமக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)