அதே தண்ணீர், அதே பெயர்கள். பிறகு ஏன் செல்லாது?



எண்பதுகளில் என்னிடம் படித்த ராயபுரத்துப் பெண் ஒருத்தி இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "சார், என் பையன் ஒரு மார்மன் பொண்ணைக் கட்டிக்கப் போறான். அவ எட்டு வயசுல ஞானஸ்நானம் வாங்கினவ. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரைச் சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. ஆனா சாமியார், அவ ஞானஸ்நானம் வாங்காதவ கணக்குல வருவா, ஆயர்கிட்ட விதிவிலக்கு வாங்கணும்னு சொல்றார். எங்க அண்ணி சி.எஸ்.ஐ. அவங்களை அப்படிச் சொல்லலையே?"

நல்ல கேள்வி. சரித்திர வாத்தியார் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

ராயபுரத்தின் பெயரிலேயே இராயப்பர் இருக்கிறார், அதாவது புனித பேதுரு. அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலை தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகுக்காரர்களில் பலர் கத்தோலிக்கர். இராயப்பர் கோவிலைக் கட்டியவர்களும் அவர்களே. 1853 ஜூலையில் சென்னைக் கரையில் மார்மன் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் 1849இல் சால்ட் லேக் சிட்டியில் தம் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். இங்கே ஒரு பத்திரிகைகூட நடத்தினார். ஆனால் சேர்ந்தவர்கள் மிகச் சிலர், ஓராண்டில் திரும்பிவிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் அந்தச் சபையின் நூல்களைத் தாமே படித்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆக, இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல.

இனி கேள்விக்கு வருவோம். ஞானஸ்நானம் கொடுப்பவர் யார் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை மிகவும் தாராளமானது. கொடுப்பவரின் தகுதியால் அது செல்லாமல் போகாது என்று டொனாட்டியர்களோடு வாதாடியவர் புனித அகுஸ்தீன். அவசரத்தில் கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம் என்று 1439இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் சொன்னது. பிரசவ அறையில் ஓர் இந்து நர்ஸ், திருச்சபை கருதுவதையே செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி மூவரின் பெயரைச் சொன்னால் போதும், அது செல்லும். சி.எஸ்.ஐ. அண்ணிக்குப் பிரச்சினை வராததும் இதனால்தான்.

பிறகு மார்மன் ஞானஸ்நானம் மட்டும் ஏன் செல்லாது? 2001 ஜூன் 5 அன்று ரோமாபுரியில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் தந்தது. கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர். பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். குறை தண்ணீரில் இல்லை. அந்தப் பெயர்கள் குறிக்கும் பொருளில் இருக்கிறது. நமக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள். மார்மன் விசுவாசத்திலோ அவர்கள் நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனி நபர்கள். பிதாவுக்குச் சரீரமும் உண்டு. சொல் ஒன்று, பொருள் வேறு.

அவர்களும் நம்முடையதை ஏற்பதில்லை. அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் அதிகாரம் உலகிலிருந்து எடுபட்டுப் போயிற்று, 1829இல் ஸ்நாபக அருளப்பரே தோன்றி அதை ஜோசப் ஸ்மித்துக்குத் திரும்பக் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கத்தோலிக்கர் அங்கே போனால் மறுபடி முழுக வேண்டும்.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் இரு பக்கமும் ஒரே துயரம் இருக்கிறது. 1823இல் ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் 25 வயதில் ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தார். அடக்கத்தின்போது போதகர் அவர் நரகத்துக்குப் போனதுபோல் பேசினார் என்று குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். 1840இல் ஸ்மித், இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று போதித்தார். ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம் என்பார்கள். கத்தோலிக்கர் இதை ஏற்கவில்லை. பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதியது.

புனித சவேரியாரும் இந்தத் துயரத்தைப் பார்த்தவர். ஜப்பானில் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் தங்கள் முன்னோரை நினைத்து அழுததை, 1552இல் கொச்சியிலிருந்து எழுதினார். அவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஆறுதல் இருக்கவில்லை. தன் தவறில்லாமல் நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக எழுதியது 1964இல்தான்.

என் வீட்டிலும் ஒன்று உண்டு. அம்மாவின் தலைப்பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. பதற்றத்தில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாகப் புதைத்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் லிம்போவில் இருப்பார்கள், கடவுளைக் காண மாட்டார்கள் என்று அக்காலத்தில் சொல்வார்கள். கல்லறைத் திருநாளில் மற்ற கல்லறைகளுக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைசியில் அந்த ஓரத்தில் போய் அம்மா சும்மா நிற்பார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை, எட்டு வயதுக்குள் இறந்தால் மீட்பு நிச்சயம் என்கிறது மார்மன் போதனை. அம்மா அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்ததுண்டு.

2007இல், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்று சொல்லும் ஆவணம் ரோமாபுரியில் வெளியானது. வெளியிட ஒப்புதல் தந்தவர் பெனடிக்ட். 2001இல் "இல்லை" என்று கையெழுத்திட்ட அதே மனிதர். அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை.

அந்த மாணவிக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ரோமாபுரியின் "இல்லை" ஒரு சடங்கைப் பற்றிய தீர்ப்பு, உன் மருமகளின் ஆன்மாவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஞானஸ்நானம் அவசியம் என்று திருச்சபை சொல்கிறது. ஆனால் கடவுளின் இரக்கம் அதற்குள் அடங்கிவிட்டது என்று சொல்லவில்லை. விதிவிலக்கை முறைப்படி கேட்டு வாங்கு. வீட்டில் யாரும் அந்தப் பெண்ணிடம் "நீ ஞானஸ்நானம் வாங்காதவ" என்று சொல்லிக் காட்ட விடாதே.

இந்த நவம்பர் 2ஆம் தேதி அந்த ஓரத்தில் நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் சார்