இரண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும்: விவ் அன்டர்சனின் ஆரம்ப காலம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன மாதம் எமது 15 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியை வெளியூர் ஒன்றுக்குக் கூட்டிச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம், மைதானத்தின் பெயரும் வேண்டாம். எமது ரைட் பெக் பிள்ளை பந்தை எறிவதற்காகக் கோட்டருகே போகும்போதெல்லாம் வெளியில் நின்ற நாலைந்து பேர் அவனது மார்க்கத்தையும் அவனது உம்மாவின் உடுப்பையும் இழுத்துக் கத்தினார்கள். போட்டியில் நாம் தோற்கவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் யாரோடும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை பயிற்சிக்கும் வரவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டோம். "விருப்பமில்ல சேர்" என்றான். அவ்வளவுதான்.

வரலாறு படிப்பிக்கும் நாம் அவனுக்குச் சொல்ல வேறு எதைத் தேடுவோம்? அவனைப் போலவே வலது பக்கம் நின்று தடுத்து ஆடிய ஒருவரின் கதையைத்தான் தேடினோம். இங்கிலாந்தின் முழு சர்வதேசப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று அங்கீகரிக்கப்பட்டிருக்கும் விவ் அன்டர்சன். நமது பிள்ளைகள் இரவிரவாகப் பார்க்கும் பிரீமியர் லீக்குக்கு இரண்டு தலைமுறை முந்தியவர்.

1956 ஜூலை 29 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து போனவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் வேலைக்கு ஆள் போதவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் பஸ்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. 1948 இல் 'வின்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து கரீபியன் தீவுகளைச் சேர்ந்தவர்கள் அலை அலையாகப் போனார்கள். வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்பட்டது. அன்டர்சனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1958 ஆகஸ்டில், அதே நொட்டிங்ஹாமின் சென்ட் ஆன்ஸ் பகுதியில் இனக்கலவரம் வெடித்தது. லண்டனின் நொட்டிங் ஹில் கலவரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நொட்டிங்ஹாம் அதற்குச் சில நாட்கள் முந்தியது. 1968 இல், அவருக்குப் பன்னிரண்டு வயது ஆக முன்னர், இனொக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகச் செய்த உரை நாடு முழுவதையும் சூடாக்கியது. அப்படியான ஒரு நாட்டில்தான் இந்தப் பையன் பந்து விளையாடி வளர்ந்தான்.

நன்றாகவே விளையாடினான். பாடசாலைக் காலத்தில் மன்செஸ்டர் யுனைட்டட் அவனை அழைத்துப் பயிற்சி கொடுத்தது. ஜோர்ஜ் பெஸ்ட், டெனிஸ் லோ, பொபி சார்ல்டன் எல்லோரும் இருந்த கழகம் அது. ஆனால் பாடசாலை முடியும் வயதில் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனவு போனது என்று நினைத்து ஊருக்கு வந்து ஸ்கிரீன் பிரின்டிங் வேலைக்குப் போனான். பிறகுதான் சொந்த ஊர்க் கழகமான நொட்டிங்ஹாம் பொரஸ்ட் பயிலுநர் வீரராக எடுத்துக்கொண்டது.

1974 இல் பொரஸ்ட் அணிக்காக முதல் போட்டி. வயது 18. அன்றைய பொரஸ்டைப் பெரிய கழகம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் பிரிவில் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்த அணி. 1975 ஜனவரியில் பிரயன் கிளஃப் முகாமையாளராக வந்தார். வாய் அடங்காத மனிதர். பத்திரிகைக்காரர், கழகத் தலைவர், வீரர் என்று யாரையும் விட்டுவைக்காதவர்.

இங்கே ரைட் பெக் என்ற இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மீதிக் கதை விளங்காது. நடுவில் ஆடுபவருக்குச் சத்தம் தூரத்தில் கேட்கும். ரைட் பெக் கோட்டோடு கோடாக ஓடுபவர். அந்தக் கால இங்கிலாந்து மைதானங்களில் கோட்டுக்கும் பார்வையாளருக்கும் இடையில் சில அடிகள்தான். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும், துப்பினால் மேலே படும். அரைவாசி நேரம் ஒரு பக்கத்துச் சனம், மீதி அரைவாசி நேரம் மற்றப் பக்கத்துச் சனம். தேசிய முன்னணி என்ற இனவாதக் கட்சிக்காரர்கள் மைதான வாசல்களில் நின்று தங்கள் பத்திரிகையை விற்ற காலம் அது. குரங்குச் சத்தம் போடுவதும் வாழைப்பழம் எறிவதும் சாதாரணம். அன்டர்சன் நின்ற இடம் அதற்கெல்லாம் மிகக் கிட்டிய இடம்.

கார்லைல் நகரில் நடந்த சம்பவத்தை அவரே பல தடவை நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அன்று அவர் மாற்று வீரர். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரேயொரு மாற்று வீரர்தான் அனுமதி. எனவே உடம்பைச் சூடாக்கக் கோட்டோரம் ஓடும்போது கூட்டாளி யாருமில்லை, தனியாகத்தான் ஓட வேண்டும். கிளஃப் 'போய் ஓடு' என்றார். போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கிளஃப் கேட்டார். வாழைப்பழமும் அப்பிளும் பேரிக்காயும் எறிகிறார்கள் என்றார் அன்டர்சன். திரும்பிப் போய் எனக்கு இரண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வா என்று கிளஃப் அனுப்பினார்.

அன்டர்சன் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொல்வார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். போட்டி முடிந்த பிறகு கிளஃப் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியானவர்கள் உன்னை ஆட்டிவைக்க நீ இடம் கொடுத்தால் உனக்கு உதைபந்தாட்டத்தில் எதிர்காலம் இல்லை, நான் வேறொருவரைத்தான் போடவேண்டி வரும் என்ற பொருளில் பேசினார். அன்று முதல் அதைக் காதில் வாங்குவதில்லை என்று முடிவெடுத்ததாக அன்டர்சன் சொல்கிறார். அந்த வார்த்தைக்காகக் கிளஃபுக்கு இன்றும் நன்றி சொல்கிறார்.

இந்தச் சம்பவம் எமக்கு நெடுநாள் நெருடலாகவே இருக்கிறது. கிளஃப் அந்தப் பையனை நம்பினார், தொடர்ந்து ஆட வைத்தார். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் யாருக்கு என்ன சொல்லப்பட்டது என்று பாருங்கள். எறிந்தவருக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. எறி வாங்கிய பதினெட்டு இருபது வயதுப் பையனுக்குத்தான் உறுதியாக இரு, காதை மூடிக்கொள், இல்லாவிட்டால் உன் இடம் போகும் என்று சொல்லப்பட்டது. கிளஃபுக்கு வேறு வழி இருந்ததா? அந்தக் காலத்தில் அநேகமாக இல்லை. நாமும் எமது பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்லி வளர்க்கிறோம்: பொறுத்துப் போ மகன், உன் வேலையைப் பார். அது புத்திதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எமது வேலை முடிந்தது என்று நாம் எழும்பிப் போகிறோமே, அதைத்தான் சொல்கிறோம்.

சரி, பந்துக்கு வருவோம்.

1977 இல் பொரஸ்ட் இரண்டாம் பிரிவில் மூன்றாமிடம் பெற்று முதலாம் பிரிவுக்கு ஏறியது. ஏறிய அடுத்த வருடமே, 1978 இல், சம்பியன்! 42 போட்டிகளில் வாங்கிய கோல்கள் வெறும் 24. கோல் காப்பாளர் பீட்டர் ஷில்டனின் பெயரைச் சொல்பவர்கள் அவருக்கு முன்னால் நின்ற நால்வரையும் சொல்ல வேண்டும். அன்டர்சனுக்கு நீண்ட கால்கள். அதனால் சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்பைடர்'. எதிரணி வீரர் தாண்டிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கால் நீண்டு வந்து பந்தைப் பறித்துவிடும். பறித்த பந்தோடு தானே முன்னால் ஓடவும் செய்வார். அதே பருவத்தில் லீக் கிண்ணமும் லிவர்பூலைத் தோற்கடித்துக் கைக்கு வந்தது.

தேசிய அணிக்குக் கூப்பிடாமல் இருக்க இனிக் காரணம் இல்லை. 1978 நவம்பர் 29, வெம்ப்ளி மைதானம், எதிரணி செக்கோஸ்லோவாக்கியா. இரண்டு வருடங்களுக்கு முன் ஐரோப்பிய சம்பியனான நாடு. குளிரில் தரை உறைந்து கிடந்தது. முகாமையாளர் ரொன் கிரீன்வூட் அன்டர்சனை ரைட் பெக்காக நிறுத்தினார். வயது 22 வருடமும் நாலு மாதமும். ஸ்டீவ் கொப்பெல் அடித்த கோலால் இங்கிலாந்து 1-0 என வென்றது. அன்றைய தேதியில் அவரது கழகமான பொரஸ்ட் லீக் போட்டிகளில் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தோல்வியே கண்டிருக்கவில்லை. போட்டிக்கு முன் மகாராணியிடமிருந்தும் பாடகர் எல்டன் ஜோனிடமிருந்தும் தந்திகள் வந்ததாக அன்டர்சன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாடப்புத்தகமாக இருந்தால் இந்த இடத்தில் 'முதல் கறுப்பின வீரர்' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். முதல் ஆள் 1978 இல்தான் வந்தார் என்றால் அதற்கு முன் தகுதியான ஒருவரும் இருக்கவில்லையா என்று கேட்க வேண்டாமா?

இருந்தார். பெயர் ஜெக் லெஸ்லி. லண்டனில் பிறந்தவர், தந்தை ஜமெய்க்கர், தாய் ஆங்கிலேயர். பிளைமவுத் ஆர்கைல் கழகத்துக்காக சுமார் 400 போட்டிகளில் 137 கோல்கள் அடித்தவர். 1925 இல் ஒருநாள் கழக முகாமையாளர் அவரைக் கூப்பிட்டு, நீ இங்கிலாந்து அணிக்குத் தெரிவாகியிருக்கிறாய் என்றார். ஊரே கொண்டாடியது. பிறகு பெயர் சத்தமில்லாமல் காணாமல் போனது. காரணம் யாரும் அவரிடம் சொல்லவில்லை. தான் கறுப்பர் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும் என்று லெஸ்லி பிற்காலத்தில் சொன்னார். அதற்குப் பிறகு அழைப்பு வரவேயில்லை. முதுமையில் வெஸ்ட் ஹாம் கழகத்தில் வீரர்களின் சப்பாத்துகளைத் துடைக்கும் வேலை பார்த்தார்.

1978 நவம்பரில் அன்டர்சன் வெம்ப்ளியில் இறங்கியபோது ஜெக் லெஸ்லி உயிரோடு இருந்தார்.  இடையில் 53 வருடங்கள். லெஸ்லி 1988 இல் காலமானார். அவருக்குரிய இங்கிலாந்துத் தொப்பியை உதைபந்தாட்டச் சங்கம் கௌரவமாக வழங்கியது 2023 இல். வாங்கியது குடும்பத்தார்.

அன்டர்சனுக்குக் கதவு திறந்த பிறகும் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. 1979 இலும் 1980 இலும் பொரஸ்டோடு ஐரோப்பியக் கிண்ணத்தை இரண்டு தடவை வென்றார். இங்கிலாந்துக்காக மொத்தம் 30 போட்டிகள். 1982, 1986 இரண்டு உலகக் கிண்ணத்துக்கும் குழுவில் போனார், ஆனால் ஒரு போட்டியிலும் இறக்கப்படவில்லை. இதை இனவாதம் என்று நாம் சொல்லவில்லை, அந்த இடத்துக்குப் பலமான போட்டி இருந்தது. ஆனால் அதே 1982 இல் இங்கிலாந்து அணிக்குத் தெரிவான இன்னொரு கறுப்பின வீரர் சிரில் ரெஜிஸுக்குத் தபாலில் ஒரு துப்பாக்கி ரவை வந்து சேர்ந்தது. நாலு வருடத்துக்கு முன் தந்தி, இப்போது ரவை.

ஒரு சின்ன விசயம், சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிறுவயதில் திருப்பி அனுப்பிய அதே மன்செஸ்டர் யுனைட்டட், 1987 இல் அவரைப் பணம் கொடுத்து வாங்கியது. அலெக்ஸ் பெர்குசன் அங்கு போய் வாங்கிய முதல் வீரர் அவர்தான்.

இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்னோம். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வாழைப்பழக் கதைக்கு அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை.

"பழம் எறிஞ்ச ஆக்களுக்கு என்ன சேர் செஞ்ச?" என்று கேட்டான்.

ஒன்றும் செய்யவில்லை என்றோம். மைதானத்தில் இனவாதக் கோசம் போடுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இங்கிலாந்தில் 1991 இல்தான் வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. பலர் சேர்ந்து கத்தினால்தான் குற்றம், ஒருவன் தனியாகக் கத்தினால் அந்தச் சட்டத்தில் பிடிக்க முடியாது. 1999 இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அவன் விரலில் எண்ணிப் பார்த்தான். "74 இல இருந்து 25 வருஷம் சேர்."

பயிற்சிக்கு வருவதாக அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

இனிப் பெற்றோருக்கு. சுற்றுப்போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. இரண்டே கோரிக்கைகள்தான்: ஒவ்வொரு போட்டியிலும் கோட்டோரம் பொறுப்பான ஒருவர் நிற்க வேண்டும். பிள்ளைகளை மதத்தையோ இனத்தையோ சொல்லி ஏசினால் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். எந்தச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, எமது மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான் என்றும் எழுதியிருக்கிறோம். அதை வாசித்துவிட்டு எமது ஆட்களே சிலர் முகம் சுழித்தார்கள், பரவாயில்லை.

கடிதம் காரியாலயத்தில் இருக்கிறது. புதன்கிழமை இரண்டு மணிக்குள் வந்து கையெழுத்து வையுங்கள்.