இரண்டு கதவு கார் ஏன் விற்பதில்லை?

போன வருடம் எங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு வந்தது. இரண்டே கதவுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் படத்தை ஆயாவிடம் ஆசையாகக் காட்டினேன். ஆயாவுக்கு முழங்கால் வலி. பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு, நான் எந்தப் பக்கமா ஏறுறது?" என்று கேட்டார்.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் ஒரு கார் கம்பெனி 1960களிலேயே சந்தித்திருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1961ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த அழகான கார்; இரண்டு கதவு. அதன் சேசிஸைச் சுருக்கித்தான் 1962ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே டிரையம்ப் கொண்டுவந்தது.

ஆனால் இங்கே அதற்குப் போட்டி அம்பாசிடரும் ஃபியட்டும். இரண்டுக்கும் நான்கு கதவு. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் கார் இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். ஹெரால்டில் பின்னால் உட்கார, புடவை கட்டியவர்களும் வயதானவர்களும் முன் சீட்டைச் சாய்த்துக் குனிந்து நுழைய வேண்டும். கடைசியில் 1960களின் இறுதியில் வண்டலூரிலேயே ஹெரால்டுக்குப் பின் கதவும் வைத்தார்கள். இங்கிலாந்திலோ 1971ல் உற்பத்தி நிற்கும் வரை ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். அடுத்து இங்கே வந்த கெஸலுக்கும் நான்கு கதவு.

1990களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் 'ஸ்டார்ம்' என்ற இரண்டு சீட் திறந்த காரை இந்தியாவில் விற்றுப் பார்த்தது. ஃபைபர் பாடி, ரெனோ எஞ்சின். சொற்ப எண்ணிக்கையோடு நின்றுபோனது.

பி.காம். பாடத்தில் வரும் மாறாச் செலவுதான் இங்கே விஷயம். காரை வடிவமைக்க, பாடிக்கு அச்சு செய்ய, சோதனை நடத்த ஆகும் பணம், 1000 கார் விற்றாலும் லட்சம் கார் விற்றாலும் பெரிதாக மாறாது. குறைவாக விற்றால் ஒவ்வொரு காரின் தலையிலும் அந்தப் பணம் அதிகமாக ஏறும். விலை ஏறினால் வாங்குபவர் இன்னும் குறைவார்.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் முதல் ஆண்டிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. 2024ல் அங்கே விற்றது சுமார் 44 ஆயிரம். அதன் பரம எதிரியான கமாரோவின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றது. ஆடி டிடி-யும் அதே ஆண்டு நின்றது. இன்று எஸ்யூவி-யே வேகமாகப் போகிறது, குழந்தை சீட்டும் சாமானும் அதில் அடங்குகின்றன. வேகத்துக்காக இரண்டு கதவைச் சகித்துக்கொள்ள அவசியமில்லை.

எங்கள் பாலக்கோட்டில் வேக ஆசை உள்ள பையன்கள் பைக் வாங்கிவிடுகிறார்கள். கார் என்றால் அது வீட்டுக்கு. ஆசைப்படுவது ஒருவர், ஏறி உட்காருவது ஐந்து பேர்.

நாங்கள் வாங்கியது நான்கு கதவு கார்தான். பின் கதவைத் திறந்து முதலில் ஏறியது ஆயா.