மலையூர் விடுதியில் இருவருக்கான மேசை

வார இறுதியில் மலைக்குப் போகும் தம்பதியர், இரவில் நல்லதொரு விடுதியில் அமர்ந்து ஸ்டேக் உண்பது அமெரிக்க வாழ்வின் மிகச் சாதாரணமான காட்சி. தட்டில் கனத்த மாட்டிறைச்சித் துண்டு, அருகே வாட்டிய உருளைக்கிழங்கு, சன்னலுக்கு வெளியே பனி மூடிய சிகரம். இதற்கும் ஒரு வரலாறு உண்டென்று நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. ஆனால் மலை, மாடு, ஓய்வுநாள் என்னும் மூன்றும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த வழிகள் வெவ்வேறு; ஒவ்வொரு வழியிலும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். கொலராடோ மாநிலத்தின் எஸ்டெஸ் பார்க் என்னும் சிற்றூரைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

ராக்கி மலைத்தொடரில், ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் உள்ளது இவ்வூர். ஜோயல் எஸ்டெஸ் என்பவர் 1859இல் இப்பள்ளத்தாக்கைக் கண்டு, பின்னர் மாடுகளை ஓட்டிவந்து குடியேறினார். கடுங்குளிர் தாளாமல் 1866இல் வெளியேறினார். ஆக, இவ்வூர் ஒரு மாட்டுப் பட்டியாகவே தொடங்கியது. 1873இல் இங்கு வந்த ஆங்கிலப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட், குதிரையேறி மாடுகளைத் திரட்டும் வேலையிலும் கைகொடுத்தார். அக்காலத்திலேயே டன்ரேவன் பிரபு, ஏழைக் குடியேறிகளுக்காக 1862இல் இயற்றப்பட்ட நிலச் சட்டத்தை வளைத்து, பிறர் பெயர்களில் விண்ணப்பித்து ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தம் வசமாக்கிக்கொண்டார்.

இவர்களுக்கெல்லாம் முன்பே அம்மலையில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் யூட், அரபஹோ மக்கள். 1851ஆம் ஆண்டு ஒப்பந்தம் மலையடிவாரச் சமவெளியை அரபஹோக்களுக்கும் செயேன்களுக்கும் உரியதென்று ஒப்புக்கொண்டது. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போயிற்று. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில் தங்கியிருந்த அவ்விரு இனத்தாரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படையினர் கொன்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அவர்களுடைய உணவாக இருந்த காட்டெருமை மந்தைகளும் 1880களுக்குள் ஏறக்குறைய அழிந்தன. அந்தப் புல்வெளிக்குத்தான் மாடுகள் வந்தன. வடக்கு அரபஹோக்கள் 1878இல் வயோமிங்கின் விண்ட் ரிவர் ஒதுக்கிடத்துக்குச் சென்று சேர்ந்தனர்.

காசநோயோடு 1903இல் இங்கு வந்து உடல் தேறிய ஸ்டான்லி, நீராவிக் கார் தயாரித்த சகோதரர்களில் ஒருவர். அவர் கட்டிய ஸ்டான்லி விடுதி 1909இல் திறக்கப்பட்டது. வெப்பமூட்டும் வசதியில்லாத அவ்விடுதி நெடுங்காலம் கோடையில் மட்டுமே இயங்கியது. 1974இல், மூடப்படும் தறுவாயில் அங்கு ஓரிரவு தங்கிய ஒரு தம்பதியரை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள்: ஸ்டீஃபன் கிங், டபிதா கிங். வேறு விருந்தினர் இல்லாத பெருங்கூடத்தில், நாற்காலிகள் கவிழ்த்து வைக்கப்பட்ட மேசைகளுக்கு நடுவே, இருவர் மட்டும் உண்டனர். அந்த இரவிலிருந்து பிறந்ததே 1977இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ நாவல்.

அந்நாவலை 1980இல் படமாக்கிய ஸ்டான்லி குப்ரிக், நாவலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: கதையின் விடுதி, பழங்குடியினரின் இடுகாட்டின்மேல் கட்டப்பட்டதாக ஒரு பேச்சு. இந்தச் சேர்க்கை நம் சிந்தனைக்குரியது. நிலத்தை இழந்தவர்களை ஆவிகளாக்கிவிட்டால் அஞ்சினால் போதும். பதில் சொல்ல வேண்டியதில்லை. உண்மையோ வேறு. 1914இல் கன் கிரிஸ்வோல்ட், ஷெர்மன் சேஜ் என்னும் இரு அரபஹோ முதியவர்கள் விண்ட் ரிவரிலிருந்து அழைத்துவரப்பட்டனர். இரண்டு வாரம் குதிரையில் சுற்றி, சிகரங்களின் பெயர்களைச் சொன்னார்கள். மறு ஆண்டு அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. ‘என்றும் கோடையில்லா மலைகள்’ என இன்றும் வழங்கும் பெயர் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. பெயர்கள் தங்கின, பெயரிட்டவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வயோமிங்கில் வாழ்கிறார்கள்.

மாடும் இப்போது மலையில் இல்லை. கிழக்கே சமவெளியில் உள்ள கிரீலியில், வாரன் மான்ஃபோர்ட் 1930களில் மாடுகளை ஆண்டு முழுதும் பட்டியில் அடைத்துத் தீனியிட்டுக் கொழுக்கவைக்கும் முறையை வளர்த்தார். தசைக்குள் ஓடும் கொழுப்பின் அளவைப் பார்த்து ‘பிரைம்’, ‘சாய்ஸ்’ என்று அரசு தரம் பிரிப்பது 1927இல் தொடங்கியது. உணவுப் பட்டியலில் நாம் வாசிக்கும் சொற்கள் அவை. அதே கிரீலியின் இறைச்சி ஆலையில் 2020இல் கொரோனாவால் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். சில நாள் மூடிய ஆலை மீண்டும் திறந்துகொண்டது.

வார இறுதியும் தானாக வந்ததன்று. எட்டுமணிநேர வேலைக்கான நெடிய போராட்டங்களுக்குப் பின், 1926இல் ஃபோர்டு ஆலைகள் ஐந்துநாள் வாரத்தை ஏற்றன. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1940இல் வாரம் நாற்பது மணிநேரம் என்பது நிலைபெற்றது. தொழிலாளர் வென்ற ஓய்வுநாளில்தான் அந்தத் தம்பதியர் மலையேறுகிறார்கள்.

இருவர் இனிதே உண்பதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. சன்னலுக்கு வெளியே தெரியும் சிகரத்தின் பெயர் என்ன, அதை யார் இட்டார்கள் என்று பரிமாறுபவரிடம் ஒருமுறை கேட்கலாம். அவருக்கும் தெரியாதிருக்கலாம். ஆயினும் கேள்வி அந்த மேசைக்கு உரியதே.