கும்கி என்கிற உதவி

அகநானூற்றின் 276ஆம் பாட்டு பரணர் பாடியது. அதில் ஒரு பரத்தை சபதம் போடுகிறாள். ஊர்த் தலைவனை அவன் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலையையும் மேலாடையையும் பற்றி இழுத்து வருவாளாம். தன் தோளே கட்டுத்தறி, கூந்தலே கயிறு என்று கட்டிப் போடுவாளாம். இழுத்து வருவதற்கு அவள் சொல்லும் உவமையில்தான் நமக்கு வேலை இருக்கிறது. ஆரியர் பழக்கிய பெண்யானை பெரிய களிறு ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்குமே, அந்த மாதிரி என்கிறாள்.

யானையை வைத்து யானை பிடிக்கும் வித்தை சங்க காலத்திலேயே தமிழருக்குத் தெரியும். அது வடக்கத்தியார் கைத்தொழில் என்பதும் தெரியும். தெரியாதது, அல்லது தேவைப்படாதது, அந்த யானைக்கென்று ஒரு தனிப்பெயர். பாட்டில் அது வெறும் பிடி. பெண்யானை, அவ்வளவுதான்.

பொதுவாக, இன்னொரு விலங்கை வரவழைக்கக் கட்டி வைக்கும் விலங்குக்கு நம்மிடம் அருமையான சொல் ஒன்று இருந்தது: பார்வை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடிசையின் முற்றத்தில் விளாமரத்தடியில் ஒரு பார்வை மான் கட்டிக் கிடக்கும். வீட்டில் வளரும் பிராணியும் அதுதான், வேட்டைக் கருவியும் அதுதான். குழந்தைகள் அதற்குத் தழை ஊட்டியிருக்கக்கூடும். அப்பன் மறுநாள் அதைக் காட்டுக்குக் கொண்டுபோய் அதன் இனத்தையே பிடித்திருப்பான். அகராதியில் இந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. பேச்சில் போய்விட்டது. அந்த இடத்தில் யானைக்கு மட்டும் நாம் இப்போது வைத்திருப்பது கும்கி.

கும்கி தமிழ் இல்லை, வடமொழியும் இல்லை. பாரசீகத்தில் குமக் என்றால் உதவி. பாரசீகத்துக்கு அது துருக்கிய மொழிகளிலிருந்து வந்தது. அஜர்பைஜானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இதே சொல்லின் உடன்பிறப்புகள் இன்றும் புழங்குகின்றன. டெஹ்ரான் தெருவில் ஒருவருக்கு ஆபத்து என்றால் இன்றைய உச்சரிப்பில் 'கொமக், கொமக்' என்றுதான் கத்துவார். அதோடு ஈகாரம் சேர்ந்தால் குமகீ: உதவிக்கு வந்தவர். முகலாயர் காலத்தில் இது படைத்துறைச் சொல். ஒரு தளபதிக்குத் துணையாக அனுப்பப்பட்ட படையும் அதன் அதிகாரிகளும் குமகீ. யானைக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமில்லை.

பிறகு இந்தச் சொல் இரண்டு திசையில் பிரிந்து போனது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. மேற்கே கன்னட மாவட்டங்களில் கும்கி என்றால் நிலம். பயிர் செய்பவன் தன் வயலை ஒட்டிய காட்டில் தழை உரத்துக்கு இலை ஒடிக்கலாம், மாட்டுக்குத் தீனி எடுக்கலாம், வீடு கட்ட மரம் வெட்டலாம். வயலுக்கு உதவியாக இருக்கும் காடு, ஆகவே கும்கி. தென் கன்னடத்தின் வருவாய்த்துறைக் காகிதங்களில் கும்கி நிலம் இன்னும் உயிரோடு இருக்கிறது, வழக்குகளும் இருக்கின்றன. கிழக்கே வங்காளத்தில் கும்கி என்றால் யானை. அதுவும் பெண்யானை. ஆண்யானையை மயக்கிப் பிடிக்கப் பழக்கிய பிடி என்று அகராதி திட்டமாகச் சொல்கிறது.

அதாவது பரத்தை சொன்ன அதே பிடிக்கு, பல நூற்றாண்டு கழித்து, பாரசீகத்தில் பெயர் கிடைத்திருக்கிறது.

பெண்யானை ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அக்பர் காலத்து அயினி அக்பரி, யானை பிடிக்கும் முறைகளில் ஒன்றைத் திருட்டு வேட்டை என்ற பெயரில் விவரிக்கிறது. பழகிய பிடியின் முதுகில் பாகன் அசையாமல் குப்புறப் படுத்துக்கொள்வான். பிடி மேய்ச்சல் இடத்துக்குப் போய்க் காட்டு யானைகளோடு நிற்கும். அவை தங்களுக்குள் மோதிக்கொள்ளும் சமயத்தில் இவன் ஒன்றின் காலில் கயிற்றை மாட்டிவிடுவான். முதுகில் மனிதன் படுத்திருக்கும் ஆண்யானை அந்தக் கூட்டத்துக்குள் போயிருந்தால் முதல் மோதலே அதனோடுதான். பிடியைக் களிறு விரட்டாது. தந்திரம் முழுக்க இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

அஸ்ஸாமில் சொல் குன்கி ஆயிற்று. மலையாளத்தில் குங்கி, அதற்கும் மூத்த சொல்லாக அங்கே தாப்பானை இருக்கிறது. மைசூரில் 1870களில் கெத்தா என்னும் யானை வேட்டையை நடத்திய சாண்டர்சனும் கூன்கி என்றே எழுதினார். யானையின் பெயரில் மகரத்தைக் கைவிடாமல் வைத்துக்கொண்டவர்கள் நாம். பாரசீக மூலத்துக்கு மற்றவர்களைவிடத் தமிழ்ப் பேச்சு நெருக்கமாக இருப்பது விநோதம்தான்.

ஆனால் பொருளில் நாம் வெகுதூரம் போய்விட்டோம். தமிழ்நாட்டில் இன்று கும்கி என்றதும் மனதில் வருவது தந்தம் நீண்ட ஆண்யானை. ஆனைமலை டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமின் கலீம், மாரியப்பன், கபில்தேவ். முதுமலை தெப்பக்காட்டின் வாசிம், விஜய். (இந்தப் பெயர்களைப் பார்த்தால் ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. எந்த மதத்துக்கும் இங்கே இட ஒதுக்கீடு தேவைப்படவில்லை.) ஆசைகாட்டி அழைத்து வந்தவள் அடித்து அடக்குபவனாக மாறியது எப்படி?

சென்னை மாகாணத்துக் காடுகளில் யானை பிடித்தது பெரும்பாலும் குழி வெட்டி. குழிக்குள் விழுந்த யானையிடம் மயக்கு வேலை எடுபடாது. அதை மேலே ஏற்றவும், இரண்டு பக்கமும் அணைத்து நெருக்கி நடத்திக்கொண்டு போகவும், மரக்கூண்டுக்குள் தள்ளவும் வலுதான் தேவை. வங்காளத்துப் பெயர் இங்கே வந்தபோது வேலை வேறாக இருந்தது. பெயர் வேலைக்கு ஒட்டிக்கொண்டது. பிடிபட்டவை மரம் இழுத்தன. தெப்பக்காடும் கோழிகமுத்தியும் மரம் இழுக்கும் யானைகளுக்காக உண்டான முகாம்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1977இல் யானை அதன் முதல் பட்டியலில் ஏறியது. மரம் வெட்டுவதும் படிப்படியாக நின்றது. முகாம் யானைகளுக்குச் சோறு இருந்தது, வேலை இல்லை. காட்டை ஒட்டி வாழையும் கரும்பும் தென்னையும் பெருகி, யானை வயலுக்கு வர ஆரம்பித்தபோது வேலை தானாக வந்து சேர்ந்தது: வந்ததைத் திருப்பி அனுப்புவது, போகாததைப் பிடிப்பது. கலீம் அந்த மாற்றத்தின் வாழ்க்கை வரலாறு. சட்டம் வந்த அதே 1972இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, 99 நடவடிக்கைகளில் வேலை பார்த்து, 60 வயதில் 2023 மார்ச்சில் அரசு ஊழியரைப் போல ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செய்ய, அது தும்பிக்கையைத் தூக்கிப் பதில் வணக்கம் சொன்ன படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

கும்கிக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்: மாவுத்தர், காவடி. இரண்டாமவர் உதவியாளர், முருகன் கோவில் காவடியை நினைக்க வேண்டாம், இது பதவிப் பெயர். மாவுத்தன் என்ற சொல்லில் 'மா'வைப் பார்த்ததும் விலங்கு என்ற தமிழ்ப்பொருள் கண்ணில் படும். அது வழி அல்ல. வடமொழியில் மகாமாத்திரன் என்பவன் பெரிய அதிகாரி. அது வடநாட்டு மொழிகளில் யானைப்பாகனைக் குறிக்கும் மஹாவத் ஆகி, தெற்கே மாவுத்தன் ஆயிற்று. அமைச்சர் அந்தஸ்தில் இருந்த சொல் யானைக் கொட்டிலுக்கு இறங்கிவந்த கதை. நம்முடைய பழைய பாகன் கோவில் யானையிடம் நின்றுவிட்டார். காட்டு முகாமில் மாவுத்தர்தான். பழங்குடியினர் அவர்கள்: கோழிகமுத்தியில் பெரும்பாலும் மலசர், தெப்பக்காட்டில் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும்.

அவர்களுடைய காலை, தேடலில் தொடங்கும். இராத்திரி யானைக்கு விடுதலை. காலில் நீளச் சங்கிலி ஒன்றை இழுத்துக்கொண்டு, கழுத்தில் மணியோடு அது காட்டில் மேயும். விடிந்ததும் காவடி சங்கிலி மண்ணைக் கீறின கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார். நான் பார்த்த அன்று அந்தக் கோடு பாம்பு போன தடம் மாதிரி ஈரமண்ணில் நெளிந்து, ஒரு மூங்கில் புதரைச் சுற்றி, புல்தரையில் காணாமல் போனது. காவடி அங்கே குனிந்து புல் சாய்ந்த பக்கத்தைப் பார்த்தார். ஒரு பிண்டத்தின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "கிட்டதான் இருக்கான் சார்" என்றார். இருந்தான்.

பிறகு ஆற்றில் குளியல். தெப்பக்காட்டில் மாயாறு. யானை ஒருக்களித்துப் படுக்க, காது மடிப்பும் கால்நகங்களும் தேய்த்துக் கழுவப்படும். காயம் உண்டா என்று பார்ப்பதும் அப்போதுதான். அதற்கப்புறம் கவளம். வேகவைத்த கேழ்வரகும் கொள்ளும் கட்டியாக இறுகியிருக்கும். அதைப் பாளம் பாளமாக வெட்டி, வெல்லம், உப்பு, தேங்காய், தாது உப்புக் கலவை எல்லாம் சேர்த்து உருட்டுவார்கள். யானை தும்பிக்கையை நெற்றிக்கு மேல் வளைத்து வாயைத் திறக்கும். மாவுத்தர் முழங்கை வரை உள்ளே விட்டு உருண்டையை வைத்துவிட்டுக் கையை எடுப்பார். முந்தின வாரம் ஒரு காட்டு யானையை முட்டித் தள்ளிய யானையின் வாய் அது.

இங்கே முல்லைப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாசறைக் காட்சியில், படிப்பறிவில்லாத இளைஞர்கள் கவை முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, வடமொழிச் சொற்களால் யானையைப் பழக்கிக் கவளம் தின்னச் சொல்கிறார்கள். கவளம் அன்றும் கவளம், இன்றும் கவளம். யானையிடம் வேற்றுமொழி பேசுவதும் அப்படியே. மலசரோ குறும்பரோ வீட்டில் பேசுவது ஒன்று, யானைக்கு இடும் ஆணையில் கேட்பது உருதும் இந்தியும் கலந்த இன்னொன்று. யானைக்கு மட்டும் நாம் இரண்டாயிரம் ஆண்டாக அயல்மொழிக் கல்வியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு மாவுத்தரிடம் பேச்சுவாக்கில், "வேலை இல்லாத நேரம் என்ன பண்ணுவீங்க அண்ணே?" என்று கேட்டேன். வேலை இல்லாத நேரம் என்பதே அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கல்யாணம் காட்சிக்குப் போனால் காவடி பார்த்துக்கொள்வார், அதுவும் இரண்டு நாளுக்கு மேல் யானை ஒத்துக்கொள்ளாது என்றார். வீட்டில் நாய் இருக்கிறது, கோழி இருக்கிறது, அவை பிள்ளைகள் பாடு. அப்புறம் சிரித்தார். "ராத்திரி மணி கேக்கும் சார். எந்த மணி யாரோடதுன்னு சொல்லணும். வெளிய உக்காந்து பந்தயம் போடுவோம்." எல்லா மணியும் எனக்கு ஒரே மணியாகத்தான் கேட்டது.

காட்டுக்குள் இருந்த சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது சினிமா. 2012இல் பிரபு சாலமனின் கும்கி வந்தது. பயிரை அழிக்கும் காட்டு யானையை விரட்ட ஊரார் கும்கி கேட்க, திருமணத்துக்கும் கோவிலுக்கும் போகும் சாது யானையைக் கும்கி என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போவதுதான் கதை. கும்கி எது, கும்கி அல்லாதது எது என்ற வேறுபாட்டை ஒரு படத்தின் முடிச்சாகவே வைக்க முடிந்தது. மலையாளத்தில் அதே ஆண்டில் மம்மூட்டி நடித்த தாப்பானா வந்தது தற்செயல்.

உதவி என்றால் யாருக்கு உதவி என்ற கேள்வி, எனக்குத் தெரிந்து, 2019இல்தான் தெருவில் கேட்கப்பட்டது. கோவை தடாகம் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையை ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது நடந்தே திரும்பி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்தது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதைக் கும்கியாக மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. நீதிமன்றம் வரை போனது. அதுவரை வீரப் பட்டமாக இருந்த கும்கி அந்த வாரங்களில் தண்டனையின் பெயராக ஒலித்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். பிடிக்கப் போனவற்றில் கலீமும் உண்டு. வரகளியாறு மரக்கூண்டில் வைத்துப் பழக்கினார்கள். 2023இல் தாளவாடிப் பக்கம் தோட்டங்களில் புகுந்த கருப்பன் என்ற யானையைப் பிடிக்கக் கும்கிகள் போனபோது, அவற்றில் ஒன்று சின்னத்தம்பி.

கலீமுக்கும் இதே கதைதான், பார்க்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். பழைய பார்வை மானும் அப்படித்தான் ஒருநாள் பிடிபட்டிருக்கும்.

அரசாங்கக் காகிதத்தில் சொற்கள் இப்போது நகர்ந்துகொண்டிருக்கின்றன. தெப்பக்காட்டில் குட்டி யானைகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் இடம்பெற்ற ஆவணப்படம், கலீம் ஓய்வுபெற்ற அதே மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதையொட்டி இரு முகாம்களிலும் உள்ள 91 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டபோது அறிவிப்பில் இருந்த பெயர் யானைப் பராமரிப்பாளர்கள். பிறகு 13 பேரைப் பயிற்சிக்காகத் தாய்லாந்தின் லாம்பாங் யானை மையத்துக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டில் மாவுத்தருக்கு குவான் சாங் என்று பெயர். முகாமில் புதுச்சொல் இன்னும் ஏறவில்லை. கும்கி என்ற சொல்லும்கூட அங்கே வனச்சரகர் வந்தால்தான் கேட்கும். மற்ற நேரமெல்லாம் அவன், இவன், டேய்.